பலூன் அலங்காரம்: எதற்கு ஹீலியம், எதற்குக் காற்று?

பலூன் அலங்காரம் செய்யலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் விசாரிப்பது ஹீலியம் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். கொஞ்சம் பொறுங்கள். விழாக்களில் நின்று பார்க்க வைக்கும் வளைவுகள், தூண்கள், மேடைக்குப் பின்னால் சரிந்து இறங்கும் தோரணங்கள் எல்லாம் பெரும்பாலும் சாதாரணக் காற்று அடைத்தவை. அவற்றைத் தூக்கி நிறுத்துவது கம்பியும் நைலான் நரம்பும் ஒட்டும் டேப்பும்தான். பிடிமானம் எதுவும் இல்லாமல், ரிப்பன் நுனியில் அந்தரத்தில் நிற்க வேண்டிய பலூனுக்கு மட்டுமே ஹீலியம் தேவை.

ஆகவே பலூன் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இடத்தைக் கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள். வாசல், மேடை, சாப்பாட்டு மேசைகள், கூரை என்று எங்கெங்கே பலூன் வேண்டுமோ அங்கெல்லாம் குறியிடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரே கேள்வி: இதைத் தாங்க அங்கே சுவரோ கம்பியோ மேசையோ இருக்கிறதா? இருந்தால் காற்று. இல்லாவிட்டால் ஹீலியம். இப்படிப் பிரித்த பிறகு பார்த்தால், பத்துக்கு எட்டு இடத்தில் காற்றே போதும் என்று தெரியவரும்.

மிதப்பதன் கணக்கு

ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிராம் எடையைத் தூக்கும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனக்கணக்கு.

கடைகளில் அதிகம் கிடைப்பது 11 அல்லது 12 அங்குல ரப்பர் பலூன். 11 அங்குலப் பலூனை முழுதாக ஊதினால் ஏறத்தாழ 14 லிட்டர் பிடிக்கும். ரப்பரின் எடை 3 கிராம் போகக் கிட்டத்தட்ட 10, 11 கிராம் தூக்குதிறன் மிஞ்சும். ரிப்பனுக்கும் ஒரு சிறிய அட்டைக்கும் அது போதும். 5 அங்குலக் குட்டிப் பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிப்பதே ஒரு லிட்டர்தான். அதன் ரப்பரே ஒரு கிராம் வரும். ஆக, எவ்வளவு நல்ல வாயுவை அடைத்தாலும் அது தரையில்தான் உருளும். குட்டிப் பலூனுக்கு ஹீலியம் அடைப்பது முழு வீண்.

மறுமுனையில் 3 அடிப் பெரிய பலூன் இருக்கிறது. முழுக்க ஊதினால் ஏறத்தாழ 400 லிட்டர் விழுங்கும், அதாவது 28 சாதாரணப் பலூனுக்கான வாயு. கால் கிலோவுக்கு மேல் தூக்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும்தான், ஆனால் அதை ஒன்று வைப்பதா, இருபத்தெட்டு பலூன் வைப்பதா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது, எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஹீலியம் அணு மிகச் சிறியது. அந்தத் துளைகள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். 11 அங்குல ரப்பர் பலூன் அறைக்குள் 12 முதல் 20 மணி நேரம் வரை மிதக்கும். அப்புறம் மெல்ல இறங்கும். பளபளக்கும் ஃபாயில் பலூன் உலோகப் பூச்சு கொண்ட பிளாஸ்டிக் தாளால் ஆனது என்பதால் கசிவு குறைவு. 18 அங்குல ஃபாயில் பலூன் ஒரு வாரம் வரைகூட நிற்கும். காற்றடைத்த ரப்பர் பலூன் மிதக்கப் போவதே இல்லை என்பதால் கொஞ்சம் சுருங்கினாலும் யாருக்கும் தெரியாது. வெயில் படாத இடத்தில் நாள்கணக்கில் அழகாக இருக்கும்.

ரப்பர் பலூனின் மிதக்கும் நேரத்தை நீட்ட ஒரு திரவம் விற்கிறது. ஹை-ஃப்ளோட் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும். பலூனுக்குள் சிறிதளவு விட்டு, வெளியிலிருந்து கசக்கி உள்பக்கமெல்லாம் பூசிவிட்டு வாயு நிரப்ப வேண்டும். உள்ளே மெல்லிய படலமாகக் காய்ந்து நுண்துளைகளை அடைத்துவிடும். மணிக்கணக்கில் மிதக்கும் பலூன் நாள்கணக்கில் மிதக்கும். எவ்வளவு விட வேண்டும் என்பது பாட்டிலில் அளவுவாரியாக எழுதியிருக்கும். அதற்கு மேல் விட்டால் அதன் எடையே பலூனைக் கீழே இழுக்கும். மாலை விழாவுக்கு மதியம் நிரப்பப் போகிறீர்கள் என்றால் இந்தத் திரவமே வேண்டாம். முந்தைய நாளே நிரப்பியாக வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஹீலியத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்ததில் சேர்ந்தது அது. இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். காற்றில் கலந்த ஹீலியம் மேலே போய்க் கடைசியில் விண்வெளிக்குத் தப்பிவிடும். திரும்பப் பிடிக்க வழியில்லை. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. இயந்திரக் காந்தத்தைக் குளிர்விப்பதும் இதே பொருள்தான். இன்னொரு சுவையான விஷயம்: விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1824-இல் முதல் ரப்பர் பலூனைச் செய்தபோது, ஹீலியத்தை யாரும் கண்டிருக்கவில்லை; அது முதலில் தென்பட்டதே பிற்பாடு சூரிய ஒளியில்தான். அவர் தன் சோதனைகளுக்கு அடைத்தது ஹைட்ரஜன்.

என்னென்ன வாங்க வேண்டும்

ரப்பர் பலூனில் 5, 11 (அல்லது 12), 18 அங்குலம் என்று மூன்று அளவு வாங்கினால் போதும். ஒரே அளவில் கட்டிய தோரணம் தட்டையாகத் தெரியும். அளவு கலந்தால்தான் நிறைவு வரும். நிறம் மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை அல்லது சந்தன நிறம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மற்ற நிறங்கள் எடுப்பாகும். தேவையான எண்ணிக்கைக்கு மேல் பத்துக்கு ஒன்றாவது கூடுதலாக வாங்குங்கள், வெடிக்காமல் எந்த அலங்காரமும் முடிந்ததில்லை.

மலிவுப் பொட்டலங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பலூனை எடுத்து இழுத்துப் பாருங்கள்: ரப்பர் சீராக நீண்டு பழைய நிலைக்கு வந்தால் நல்லது. சில இடங்களில் மெல்லிசாகவும் சில இடங்களில் தடிப்பாகவும் தெரிந்தால், ஊதும்போது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். தோரணத்தில் எப்படியாவது ஒளித்துவிடலாம்; ஹீலியம் அடைத்துத் தனியாக நிறுத்தும்போது குறை பளிச்சென்று தெரியும்.

ஃபாயில் எழுத்துகள், எண்கள் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 16 அங்குல எழுத்துப் பலூன்கள் காற்றுக்கு மட்டும் என்று செய்யப்பட்டவை. ஹீலியம் அடைத்தாலும் தம் எடையைத் தாமே தூக்காது. மிதக்க வேண்டுமானால் 34 அங்குலத்துக்கு மேற்பட்டதை எடுக்க வேண்டும்.

கருவிகளில் முக்கியமானது பம்ப். இருபது, முப்பது பலூனுக்குக் கைப் பம்ப் போதும். நூறைத் தாண்டினால் இரண்டு முனை கொண்ட மின்சாரப் பம்பை வாடகைக்காவது எடுங்கள். வாயால் ஊதலாம் என்று ஆரம்பிப்பவர்கள் பத்தாவது பலூனில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் பலூன் டேப் (வரிசையாகத் துளையிட்ட பிளாஸ்டிக் பட்டை), நைலான் தூண்டில் நரம்பு, இருபுறமும் ஒட்டும் பசைப் பொட்டுகள், சுவரைக் கெடுக்காமல் கழற்றக்கூடிய ஒட்டுக் கொக்கிகள், ரிப்பன், கத்தரிக்கோல், உறுதியான ஏணி. நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏற வேண்டாம்.

காற்றுப் பலூன் தோரணம் கட்டும் முறை

முதல் வேலை அளவுப் பெட்டி செய்வது. ஓர் அட்டைப் பெட்டியின் பக்கங்களில் 4, 7, 10 அங்குலச் சதுரத் துளைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஊதிய பலூனைத் துளையில் நுழைத்துப் பாருங்கள்: விளிம்பில் லேசாக உரசிக்கொண்டு போனால் சரியான அளவு. இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் காற்றை விடுங்கள். இந்தப் பெட்டி இல்லாமல் கண் மதிப்பில் ஊதினால், நேரம் ஆக ஆகக் கை தளர்ந்து கடைசிப் பலூன்கள் எல்லாம் சின்னதாகிவிடும். தூண் கட்டும்போது அது ஒரு பக்கம் சாயும்.

11 அங்குலப் பலூனை 11 அங்குலத்துக்கு ஊதாதீர்கள். 9 அல்லது 10 போதும். முழுக்க ஊதினால் கழுத்துப் பக்கம் நீண்டு பேரிக்காய் வடிவம் எடுக்கும். ரப்பரும் விறைத்து, சும்மா பக்கத்துப் பலூன் உரசினாலே வெடிக்கும். சற்றுக் குறைவாக ஊதிய பலூன் உருண்டையாகவும் இருக்கும், அமுங்கியும் கொடுக்கும். அமுங்கினால்தான் நெருக்கி அடுக்க முடியும்.

அடுத்தது முடிச்சு. இதில்தான் புதியவர்களின் விரல்கள் சிவந்துபோகும். ஊதிய பலூனின் கழுத்தை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வலது கையால் வாய்ப்பகுதியை இழுத்து நீட்டி, இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இப்போது அந்த இரண்டு விரல்களையும் லேசாக விரித்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வாயின் உருண்ட விளிம்பை அந்த இடைவெளிக்குள் தள்ளி, விரல்களில் சுற்றியிருக்கும் வளையத்தை அதன் மேலாக நழுவ விடுங்கள். முடிச்சு விழுந்துவிடும். கழுத்தை எவ்வளவு நீட்டி இழுக்கிறீர்களோ அவ்வளவு எளிது. பலருக்கும் முடிச்சு விழாததற்குக் காரணம் அதிகமாக ஊதிக் கழுத்தே இல்லாமல் செய்துவிடுவதுதான்.

இரண்டிரண்டாக ஊதி அவற்றின் வால்களை ஒன்றோடொன்று கட்டுங்கள். இப்படி இரண்டு ஜோடியை எடுத்துக் கூட்டல் குறிபோல் குறுக்கே வைத்து, எதிரெதிர்ப் பலூன்களை நடுவில் ஒரு முறுக்கு முறுக்கினால் நாலு பலூன் கொத்து தயார். இந்தக் கொத்துதான் அடிப்படை. தூணானாலும் வளைவானாலும் தோரணமானாலும் கொத்துகளைக் கோத்துக்கொண்டே போவதுதான் வேலை.

எத்தனை பலூன் வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு: 9, 10 அங்குலத்துக்கு ஊதிய பலூன்களாக இருந்தால் ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ இரண்டு கொத்து, அதாவது 8 பலூன். ஆறடித் தூணுக்கு 12 கொத்து, 48 பலூன். வளைவுக்கு நீளத்தை எப்படி அளப்பது என்றால், ஒரு கயிற்றைத் தரையிலிருந்து மேலேற்றி மறுபக்கம் தரைவரை வளைத்துப் பிடித்துவிட்டு, பிறகு கயிற்றை அளங்கள். வாசலின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் எப்போதும் குறையும். அளவு கலந்த, ஒழுங்கில்லாமல் பொங்கி வழிவதுபோன்ற தோரணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு முதலில் ஓர் அடி கட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் அதிலுள்ள பலூன்களை எண்ணி நீளத்தால் பெருக்குங்கள்.

தூண் வேண்டுமென்றால் கனமான அடிப்பலகையில் ஒரு பி.வி.சி. குழாயை நட்டு, கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாயைக் கவ்வும்படி முறுக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு கொத்தின் பலூன்களும் கீழ்க் கொத்தின் பள்ளங்களில் போய் உட்கார வேண்டும். ஒவ்வொரு கொத்திலும் நிற வரிசையை ஒன்றுபோலவே வைத்து அடுக்கினால் நிறங்கள் சுருள்சுருளாக மேலேறும். நீங்கள் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை.

தோரணத்துக்குக் குழாய் வேண்டாம். நைலான் நரம்பின் ஒரு முனையைக் கதவுப் பிடியிலோ கனமான நாற்காலியிலோ கட்டி, கொத்தின் நடுவே நரம்பை ஒருமுறை சுற்றி இறுக்கி, அடுத்த கொத்தை நெருக்கி வைத்துக்கொண்டே போங்கள். பலூன் டேப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முடிச்சையும் டேப்பின் பெரிய துளையில் நுழைத்து, சிறிய துளைப் பக்கம் இழுத்துச் சிக்கவைத்தால் போதும். எனக்கு நரம்புதான் பிடிக்கும். டேப் வேகமானது, ஆனால் பலூன்கள் ஒரே வரிசையில் நிற்பதுபோல் ஆகிவிடும். நரம்பில் கட்டியது எல்லாப் பக்கமும் திரும்பும்.

எலும்புக்கூடு தயாரானதும் சுவரில் மாட்டிவிட்டு, அதன்பிறகே குட்டிப் பலூன்களைச் சேருங்கள். மாட்டுவதற்கு முன்பே ஒட்டினால் தூக்கிக்கொண்டு போகும்போது பாதி உதிரும். இரண்டு பெரிய பலூன்களுக்கு நடுவே முடிச்சு, நரம்பு, வெற்றுச் சுவர் என்று எது கண்ணில் படுகிறதோ அங்கே ஒரு பசைப் பொட்டை வைத்து 5 அங்குலப் பலூனை அழுத்துங்கள். பலூன் முடிச்சுப் பக்கம் உள்ளே போக வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்து, ஓட்டை தெரியும் இடத்தில் மட்டும் சேர்ப்பது நல்லது. பக்கத்தில் நின்றுகொண்டே சேர்த்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

கொக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுத் தோரணம் எடை குறைவானதுதான். ஆனால் கதவு திறந்து மூடும் காற்றில் ஆடும்போது இழுப்பு முழுவதும் கொக்கியில் விழும். மூன்று, நாலு அடிக்கு ஒரு கொக்கி வையுங்கள். சுவரைத் துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டுங்கள், ஒட்டியவுடனே எடை ஏற்றாதீர்கள். புதிதாகச் சாயம் பூசிய சுவரில் எந்த டேப்பும் வேண்டாம். கழற்றும்போது சாயமும் கூடவே வரும்.

கூரையில் பலூன் வேண்டும், ஹீலியம் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. காற்றடைத்த பலூனின் வயிற்றில் பசைப் பொட்டு வைத்துக் கூரையில் ஒட்டி, முடிச்சில் ரிப்பனைக் கட்டித் தொங்கவிடுங்கள். கீழிருந்து பார்ப்பவருக்கு அது மிதக்கும் பலூன்தான்.

ஹீலியம் நிரப்பும்போது

முதலில் எவ்வளவு வாயு வேண்டும் என்று பார்ப்போம். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஒரு 11 அங்குலப் பலூனுக்கு 14 லிட்டர் என்றால் கணக்குப்படி 71 வரும். வெடிப்பு, கசிவு போக 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது சிலிண்டரில் எத்தனை கன மீட்டர் இருக்கிறது என்று கேளுங்கள். பயன்படுத்தித் தூக்கிப்போடும் சின்ன சிலிண்டர்களின் பெட்டியில் 30 பலூன், 50 பலூன் என்று போட்டிருக்கும்; அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 9 அங்குலப் பலூனுக்கானது. 11, 12 அங்குலப் பலூனுக்கு வாயு இரட்டிப்பு வேண்டும், ஆகவே எண்ணிக்கை பாதியாகும். பெட்டியை நம்பி பலூனை எண்ணி வாங்கியவர்கள் விழா நாளன்று பாதியில் நிற்பது இதனால்தான்.

சிலிண்டரைக் கையாள்வதில் விளையாட்டு கூடாது. பெரிய சிலிண்டருக்குள் அழுத்தம் 150 முதல் 200 பார் வரை இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். நிமிர்த்தி நிறுத்தி, தூணிலோ கனமான மேசைக் காலிலோ கட்டிவையுங்கள். அடுப்பு, வெயில் பக்கம் வேண்டாம். சன்னல் திறந்த அறையில் நிரப்புங்கள். பலூனை மாட்டும் முனையைச் சிலிண்டரில் பொருத்தி, முனை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, வால்வை மெல்லத் திறங்கள். வேலை நடுவே எழுந்து போனால் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

குரல் கீச்சுக்குரலாக மாறும் என்று ஹீலியத்தை உறிஞ்சிக் காட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள். நுரையீரலில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை ஹீலியம் பிடித்துக்கொள்ளும். எச்சரிக்கை ஏதும் இல்லாமல் ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். சிலிண்டர் முனையில் நேரடியாக வாய் வைத்தால் அழுத்தமே நுரையீரலைக் கிழித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, நிரப்பிய கேஸ் பலூனை வெளியிலிருந்து வாங்குபவர்களுக்கு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் உள்ளே இருப்பது ஹைட்ரஜனாக இருக்கலாம். அதுவும் நன்றாக மிதக்கும். ஆனால் ஒரு மெழுகுவத்திச் சுடரோ சிகரெட்டோ பட்டால் தீப்பந்தாகிவிடும். கேக் வெட்டும் மேசை அருகே கொத்தாக வைக்கும் பொருளில் இந்த ஆபத்தை ஏற்கவே கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள்.

ரப்பர் பலூனை நிரப்புவது எளிது. கழுத்தை முனையில் நன்றாக ஏற்றி, விரல்களால் பிடித்துக்கொண்டு, முனையை மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள், வாயு பாயும். தோரணத்துக்குக் குறைவாக ஊதச் சொன்னேன் அல்லவா, இங்கே அதற்கு நேர் எதிர்: 11 அங்குலப் பலூனை 11 அங்குலத்துக்கே நிரப்புங்கள். கொள்ளளவு குறைந்தால் தூக்குதிறனும் மிதக்கும் நேரமும் சேர்ந்தே குறையும். பேரிக்காய் வடிவத்துக்குப் போகும் முன் நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

ஃபாயிலுக்கு வேறு பாடம். அந்தத் தாள் நீளாது. அடிப்பக்க வாலில் உள்ள வாயில் முனையை நுழைத்து மெதுவாக நிரப்புங்கள். பரப்பில் இருக்கும் சுருக்கங்கள் விரிந்து, தையலோரத்தில் மட்டும் சின்னச் சுருக்கங்கள் நிற்கும் நிலையில் நிறுத்துங்கள். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி விறைத்துவிட்டால் தையல் பிரியப் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலான ஃபாயில் பலூன்களில் உள்ளேயே வால்வு இருக்கும், முனையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். வாலைத் தட்டையாக நீவிவிட்டால் போதும்.

ரிப்பனை முடிச்சுக்கு மேல், கழுத்தில் கட்டுங்கள். பத்துப் பலூன் கொத்து ஏறத்தாழ 100 கிராம் தூக்கும். அடியில் கட்டும் எடை அதற்கு இரண்டு மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் கொத்து மேசையில் நடக்க ஆரம்பிக்கும். ரிப்பன்களை ஒரே நீளத்தில் வெட்டினால் பலூன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு பலூன் உயரத்துக்கு ஏற்றி இறக்கி வையுங்கள். சாப்பாட்டு மேசைக் கொத்தில் ஆகக் கீழே உள்ள பலூன்கூட உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் இருக்கட்டும். எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் பலூனை விலக்கி விலக்கிப் பேசுவது சாப்பிட வந்தவருக்குப் பெரிய தொந்தரவு.

ஹீலியம் பலூனால் மட்டுமே செய்ய முடிந்த ஓர் அலங்காரம் உண்டு. ஒரு நீளமான நைலான் நரம்பில் ஓர் அடி இடைவெளியில் ஒவ்வொரு பலூனாகக் கட்டி, இரு முனைகளையும் கனமான எடைகளில் பிணைத்துவிட்டால், கம்பி எதுவும் இல்லாமல் தானே வளைவாக எழும்பி நிற்கும். ஒற்றை வரிசைதான், ஆனால் மேடைக்கு மேல் இதைப்போல் லேசாகத் தெரிவது வேறொன்றுமில்லை. காற்றோட்டம் இல்லாத உள்ளறைக்கு மட்டும். திறந்த வெளியில் இந்த வளைவு ஐந்து நிமிடம்கூட நிற்காது. பொதுவாகவே வெளியில் ஹீலியம் பலூன் வேண்டாம் என்பேன்: காற்று வீசினால் படுத்துக்கொள்ளும், ரிப்பன்கள் பின்னிக்கொள்ளும், சிக்கெடுப்பதற்குள் விருந்தினர் வந்துவிடுவார்கள்.

வெயிலும் குளிரும்

வாயு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஏசி அறையில் ஃபாயில் பலூனை நிறைய நிரப்பி வெயிலுக்குக் கொண்டுவந்தால் தையல் விட்டுவிடும். மாறாக, வெளியில் கச்சிதமாக நிரப்பியது ஏசி அறைக்குள் வந்ததும் வாடித் தொங்கும். கசிந்துவிட்டது என்று பயந்து மேலும் நிரப்ப வேண்டாம். சூடு திரும்பினால் அதுவும் நிமிரும். பலூன் எந்த இடத்தில் இருக்கப் போகிறதோ அந்தச் சூட்டிலேயே நிரப்புவதுதான் சரி.

வெயில் பட்ட ரப்பர் பலூன் பளபளப்பை இழந்து வெல்வெட் துணிபோல மங்கிவிடும். கண்ணாடிபோல் தெரியும் பலூன் பால் நிறமாகும். அடர் நிறங்கள் சூட்டை அதிகம் இழுத்து முதலில் வெடிக்கும். வெளியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளிர் நிறங்களை எடுத்து, இன்னும் சற்றுக் குறைவாக ஊதி, நிழல் பார்த்து வையுங்கள். கீழே புல்தரையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பலூனுக்குப் புல் நுனியே ஊசி.

காரில் கொண்டு போவதானால் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பின் இருக்கையில் கட்டிவையுங்கள். ஓட்டுநரின் பின்கண்ணாடியை மறைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள். குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கையும் காட்டலாம்: பிரேக் போடும்போது நாமெல்லாம் முன்னால் சாய்வோம், ஹீலியம் பலூன் பின்னால் சாயும். கனமான காற்று முன்பக்கம் நெருங்குவதால் லேசான பலூன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

எதை எப்போது செய்வது

தோரணம், தூண், வளைவு ஆகியவற்றை முந்தைய நாள் மாலையிலேயே கட்டிவிடலாம். இதுதான் காற்றின் பெரிய வசதி. ஃபாயில் பலூன்களையும் அன்றே நிரப்பிவைத்தால், பழுதான வால்வு இருந்தால் இரவுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் ஹீலியம் பலூன்களை மட்டும் விழா நாளன்று, தொடங்குவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பு நிரப்புங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். வெடித்ததை மாற்றவே அது சரியாக இருக்கும். மாற்றுவதற்கென்று பத்துப் பதினைந்து பலூனையும் கைப் பம்பையும் பசைப் பொட்டையும் ஒரு பையில் போட்டுக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் வருவதற்கு முன் ஒரு சுற்று வாருங்கள். மின்விசிறி சுழலும் இடத்தில் ரிப்பன் இருக்கிறதா? சூடாகும் விளக்கில் பலூன் உரசுகிறதா? மெழுகுவத்திக்கு மேலே எதுவும் தொங்குகிறதா? வருபவர்களில் யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முழுக்க ஃபாயிலுக்கு மாறிவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் ஊதாத பலூனைக் கொடுக்கவே கூடாது. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் மூச்சை முழுதாக அடைத்துவிடும். வெடித்த துண்டுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், ‘டப்’ என்று சத்தம் கேட்டதும் துண்டுகளைப் பொறுக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

விழா முடிவில் பலூன்களை வானில் விடும் யோசனையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ரப்பர் எங்கோ விழுந்து மாடோ பறவையோ விழுங்கும். ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியில் சிக்கினால் அந்தப் பகுதிக்கே மின்சாரம் போகலாம்.

கழற்றும்போது

குத்தி வெடிக்க வைப்பது குழந்தைகளுக்கு உற்சாகம்தான், ஆனால் துண்டுகள் அறை முழுதும் சிதறும். முடிச்சுக்குச் சற்று மேலே கழுத்தை விரலால் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டினால் புஸ்ஸென்று காற்றிறங்கும், பலூன் ஒரே துண்டாகக் கையில் நிற்கும். நைலான் நரம்பையும் முழுதாகச் சுருட்டி எடுங்கள். தரையில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஃபாயிலைக் கிழிக்காதீர்கள். வாலில் ஒரு ஸ்ட்ராவை வால்வைத் தாண்டி உள்ளே செலுத்தி மெல்ல அழுத்தினால் வாயு வெளியேறும். அதையும் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம். தட்டையாக நீவி, மடிப்பு விழாமல் தளர்வாகச் சுருட்டி வைத்தால் அதே எண்ணை, அதே எழுத்தை மறுபடி நிரப்பலாம். வாடகை சிலிண்டரின் வால்வை மூடி, மிச்ச வாயுவோடு அப்படியே திருப்பிக் கொடுங்கள். தூக்கிப்போடும் வகையானால் காற்றோட்டமான இடத்தில் வால்வைத் திறந்து முற்றிலும் காலியாக்கிவிட்டு, பழைய இரும்பு எடுப்பவர்களிடம் காலி என்று சொல்லிக் கொடுங்கள். கடைசியாக, மேசைக்கடியிலும் சோஃபா இடுக்கிலும் கையை விட்டுப் பாருங்கள். வெடித்த ரப்பர் துண்டுகள் பெரும்பாலும் அங்கேதான் போய் ஒளிந்திருக்கும். மறுநாள் காலையில் தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ நமக்கு முன் அதைக் கண்டுபிடித்துவிடும்.